ஹெட்போனைத் திரும்ப மாட்டிய நாள்

மனச்சோர்வு முற்றியபோது முதலில் நின்றுபோனது பாட்டுதான்; ஹெவி மெட்டல் என்கிற அதிரடி ராக் இசை. ஹெட்போன் மேஜையில் தூசி படிந்து கிடந்தது. இரண்டு காலாலும் மாறி மாறி அடிக்கும் டபுள் பேஸ் டிரம் காதில் விழுந்தாலும் உள்ளே எதுவும் அசையவில்லை. “இந்தக் கத்தலைக் கேட்டுத்தான் இப்படி ஆயிட்டே” என்றார்கள் வீட்டில். அப்படியில்லை. சோர்வைச் சொல்லவும் இந்த இசை இடம் கொடுக்கும். 1970-ல் வந்த பிளாக் சபாத் இசைக்குழுவின் ‘பாரனாய்ட்’ பாட்டில் அதன் பேஸ் கிதார் கலைஞர் கீசர் பட்லர் எழுதியதே தன் மனச்சோர்வைத்தான்.

ஹெவி மெட்டலே உயிரென்று இருக்கும் நண்பனிடம் ஒரு ராத்திரி எல்லாவற்றையும் கொட்டினேன். “டேய், தினம் ஒரு பாட்டு அனுப்பு. கூடவே குளிச்சியா, சாப்பிட்டியான்னு ஒரு வரி போதும்” என்றான். மனநல மருத்துவரிடம் கூடவே வந்தவனும் அவன்தான். மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் பிடித்தன; நடுவில் நிறுத்தாமல் இருந்ததுதான் பெரிய விஷயம்.

ஒரு காலையில் பல் தேய்க்கும்போது கால் தானாகத் தாளம் போட்டது. அன்றைக்கு அவனுக்கு இரண்டு பாட்டு அனுப்பினேன்.