ஏற்காட்டுக்கு ஆக்டிங் டிரைவர் போடுவது எப்படி

மாதச் சம்பள டிரைவர் லீவு போட்டால் அவருக்குப் பதிலாக ஓட்ட வருபவர்தான் ஆக்டிங் டிரைவர். இப்போது சேலத்தில் சொந்தமாக ஓட்டுகிறவர்களும் மலை ஏறும் ஒரு நாளுக்கு மட்டும் ஆக்டிங் போடுகிறார்கள். வாடகை வண்டிக் கணக்கு இதில் செல்லாது. கார் உங்களுடையது, அதனால் டீசல், பார்க்கிங், கீறல் எல்லாம் உங்கள் தலையில்தான்.

போனிலேயே பேசி முடியுங்கள்: கூலி எத்தனை மணி நேரத்துக்கு, அதற்கு மேல் மணிக்கு எவ்வளவு, சாப்பாடு யார் பொறுப்பு, மேலே தங்கினால் பேட்டாவும் படுக்க இடமும் உண்டா. ராத்திரி திரும்பியதும் அவர் வீட்டுக்குப் போக பஸ் இருக்குமா என்பதையும் கேளுங்கள். பாதித் தகராறு அங்கேதான் கிளம்பும்.

லைசென்ஸை வாட்ஸப் படத்தில் பார்த்தால் போதாது. எண்ணும் பிறந்த தேதியும் வாங்கி அரசின் பரிவாகன் தளத்தில் போட்டால் எல்.எம்.வி. (கார் ஓட்டும் அனுமதி) உண்டா, காலாவதி எப்போது என்று தெரிந்துவிடும். காலாவதி லைசென்ஸோடு இடித்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும். பாலிசியில் 'பெய்டு டிரைவர்' பொறுப்பு, அதாவது கூலிக்கு ஓட்டுகிறவருக்கு அடிபட்டால் தரவேண்டிய நஷ்டஈடு (பாலிசியில் ஐ.எம்.டி. 28 என்று இருக்கும்), சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்; ஒரு டிரைவருக்கு ஆண்டுக்கு வெறும் 50 ரூபாய். ஓனர்-டிரைவருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடு இவருக்குக் கிடைக்காது.

அடிவாரம் வரைக்கும் அவர் கையைக் கவனியுங்கள். கிளட்ச் மேல் காலை வைத்தபடியே ஓட்டுகிறவர் 20 கொண்டை ஊசி வளைவுக்கு ஆகமாட்டார், பாதியிலேயே கிளட்ச் கருகும். வளைவில் ஹாரன் அடிக்கிறாரா, ஏறி வரும் வண்டிக்கு வழி விடுகிறாரா என்பது இறங்கும்போது தெரியும்.

உண்மையான சோதனை இறக்கம்தான். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், பெரும்பாலும் இரண்டாவது. ஆட்டோமேட்டிக் என்றால் 'எல்' அல்லது மேனுவல் மோடு. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவரை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம். எஞ்சின் பிடிப்பு இல்லாமல் பிரேக் மட்டுமே வண்டியைத் தாங்கினால் பிரேக் பேடு சூடேறும், பிரேக் ஆயில் கொதிக்கும், பெடல் மெத்தென்று உள்ளே போகும். கருகல் வாடை வந்தால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து அரை மணி நேரம் ஆற விடுங்கள். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், சூட்டில் டிஸ்க் கோணிப்போகும்.