பாலக்காட்டுப் பக்கம் வீடு வாங்க வருகிறீர்களா? புரோக்கரிடம் விலை சொல்லும் முன்

கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை, ஐஐடியில் வேலை, தென்னந்தோப்பு, சம்பந்தி வீடு என்று ஏதோ ஒரு காரணத்தால் வாளையாறையோ கோபாலபுரத்தையோ தாண்டிக் குடிவருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலில் வாடகைக்கு இருப்பீர்கள். அப்புறம் ஒரு சொந்த வீடு பார்க்கலாமே என்று தோன்றும். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, வேலந்தாவளம் எங்கே போனாலும் தமிழ்தான். வீடு காட்டுகிற புரோக்கரும் "வாங்கண்ணா" என்று கொங்குத் தமிழில்தான் கூப்பிடுவார். அந்தப் பேச்சின் இதத்தில் நம் ஆட்கள் இரண்டாவது சந்திப்பிலேயே டோக்கன் கொடுத்துவிடுகிறார்கள். பேச்சு தமிழில் நடந்தாலும் சட்டமும் காகிதமும் கேரளத்துடையவை. பட்டா, சிட்டா என்று ஊரில் கேட்டுப் பழகிய கேள்விகள் இங்கே பாதிக்குத்தான் உதவும். அதனால் காகிதம் பார்த்த பிறகு விலை சொல்லுங்கள். அந்த விலையையும் நிபந்தனைகளோடு எழுத்தில் சொல்லுங்கள்.

புரோக்கரைப் பற்றி முதலில். இங்கே பெரும்பாலும் தனி ஆட்கள்தான். டீக்கடையும் செல்போனும்தான் அவர்கள் ஆபீஸ். ஒரு வீட்டுக்கு மூன்று பேர் சங்கிலியாக இருப்பார்கள்: ஓனரைத் தெரிந்தவர் ஒருவர், அவரைத் தெரிந்தவர் இன்னொருவர், உங்களைத் தெரிந்தவர் மூன்றாமவர். வீடு பார்க்க வண்டியில் ஏறும் முன்பே கமிஷனைப் பேசிவிடுங்கள். வாங்குபவரிடம் ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று கேட்பது வழக்கம். எத்தனை பேர் இருந்தாலும் நாங்கள் தருவது மொத்தம் இவ்வளவுதான், ரிஜிஸ்டர் ஆகும் அன்றுதான் தருவோம் என்று அப்போதே சொல்லிவிட்டால் கடைசி நாளில் சண்டை வராது. ஒரே வீட்டை இரண்டு புரோக்கர் மூலமாகப் பார்க்காதீர்கள். இருவரும் கமிஷன் கேட்பார்கள், இருவரிடமும் நியாயம் இருக்கும்.

புரோக்கரை ஒதுக்கிவிட்டு ஓனரிடம் நேராகப் போய்க் கமிஷனை மிச்சம் பிடிக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. ஒருவர் காட்டிய வீட்டுக்கு அவருடைய கூலியைக் கொடுப்பதுதான் முறை. சின்ன ஊரில் பேர் கெட்டால் கிணறு தோண்ட ஆள் கூப்பிட்டால்கூட வரமாட்டார்கள். ஆனால் ஓனரைப் பார்க்காமல் பேரத்தை முடிக்காதீர்கள். "ஓனருக்கு இவ்வளவு, அதற்கு மேலே வருவது எனக்கு" என்று பேசி வைத்துக்கொண்டு விற்கும் புரோக்கர்கள் உண்டு. ஓனரிடம் சின்ன அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டு, அந்தக் கெடு முடிவதற்குள் கூடுதல் விலைக்கு மறித்து விற்பவர்களும் உண்டு. அப்படிப்பட்டவரிடம் நீங்கள் கொடுக்கும் பணம் ஓனர் கைக்குப் போய்ச் சேராமலே போகலாம். புரோக்கரை வைத்துக்கொண்டே, ஓனர் முன்னால் உட்கார்ந்து ஒரு முறையாவது விலை பேசுங்கள்.

விலையை இங்கே "சென்ட்டுக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு" என்று பிரித்துத்தான் சொல்வார்கள். வாயில் சென்ட், காகிதத்தில் ஹெக்டேரும் ஆரும். ஒரு ஆர் என்பது 2.47 சென்ட். பத்து சென்ட் என்றால் கரம் (நிலவரி) கட்டிய ரசீதில் 0.0405 ஹெக்டேர் என்று இருக்க வேண்டும். புரோக்கர் "பத்து சென்ட்டுங்க" என்று சொல்லி, ரசீதில் 0.0380 என்று இருந்தால், உங்கள் கையில் வருவது 9.39 சென்ட்தான். சென்ட் 2 லட்சம் என்று பேசியிருந்தால் ஏறக்குறைய 1.2 லட்சம் காற்றோடு போயிற்று. ரசீதையும் கால்குலேட்டரையும் வைத்துக்கொண்டு முதலில் இந்தக் கணக்கைப் போடுங்கள். அப்புறம் ஒரு சர்வேயரை வைத்து அளந்து, ரசீதில் உள்ள அளவு தரையிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேட்க வேண்டிய காகிதங்கள்: கிரயப் பத்திரம் (இங்கே ஆதாரம் என்பார்கள்), அதற்கு முந்தைய முன்னாதாரங்கள், நடப்பு ஆண்டு கரம் கட்டிய ரசீது, வில்லேஜ் ஆபீசின் கைவசச் சான்றும் லொக்கேஷன் ஸ்கெட்சும், 30 ஆண்டுக்கு வில்லங்கச் சான்று, வீட்டுக்குப் பஞ்சாயத்து கொடுத்த ஓனர்ஷிப் சர்டிபிகேட். காப்பி கொடுக்கத் தயங்குபவரிடம் விலை பேசவே வேண்டாம். வில்லங்கச் சான்றில் கூட்டுறவு வங்கிக் கடன் இருந்தால் 'கஹான்' என்று பதிவாகியிருக்கும். மற்ற வங்கிகளில் ஆதாரத்தை ஒப்படைத்து வாங்கிய கடன் எப்போதும் அதில் தெரியும் என்று நம்ப முடியாது. ஆகவே அசல் ஆதாரத்தைக் கண்ணால் பாருங்கள். "லாக்கரில் இருக்கு" என்றால், எடுத்துக் காட்டும் நாள் வரை காத்திருங்கள். பஞ்சாயத்து வீட்டு நம்பரோடு 'யு.ஏ.' என்று எழுதியிருந்தால் அனுமதி இல்லாமல் கட்டியது என்று பொருள். மாடி மட்டும் பிறகு எடுத்த வீடுகளில் இது சகஜம்.

பாலக்காட்டுப் பக்கம் நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இன்னொரு இடத்தில். வில்லேஜ் ஆபீஸ் பதிவேட்டில் ஒவ்வொரு சர்வே எண்ணும் 'புரையிடம்' என்றோ 'நிலம்' என்றோ இருக்கும். புரையிடம் என்றால் வீடு, தோட்டம் இருக்கும் கரைபூமி. நிலம் என்றால் நெல்வயல். நாம் 'நிலம்' என்று பார்த்துவிட்டு, சரிதானே என்று தாண்டிப் போய்விடுவோம். 2008-ல் வந்த கேரள நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டப்படி வயலை நிரப்பவும் கட்டடம் கட்டவும் கடுமையான தடை இருக்கிறது. எந்தெந்த சர்வே எண் வயல் என்று பஞ்சாயத்து வாரியாக 'டேட்டா பேங்க்' என்ற பட்டியல் உண்டு. கிருஷி பவனில் (பஞ்சாயத்தின் வேளாண் அலுவலகம்) கேட்டுப் பார்க்கலாம். பத்து வருடமாகத் தென்னை நிற்கிறது, பக்கத்தில் வரிசையாக வீடுகள் இருக்கின்றன என்பதெல்லாம் கணக்கில் வராது. பட்டியலில் அந்த எண் இருந்தால் கூடுதல் அறை கட்டப் பஞ்சாயத்து அனுமதி தராது, வங்கியும் கடனுக்குத் தயங்கும். "ஆர்.டி.ஓ. ஆபீசில் ஃபாரம் 5 கொடுத்து எடுத்துடலாங்க, நம்ம ஆள் இருக்காரு" என்று புரோக்கர் சொல்வார். டேட்டா பேங்கிலிருந்து எண்ணை நீக்கச் சொல்லி வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) கொடுக்கும் அப்படி ஒரு விண்ணப்பம் உண்டு என்பது உண்மைதான். டேட்டா பேங்கில் வராத 'நிலம்' என்றால் 50 சென்ட் வரை ஃபாரம் 6 கொடுத்துத் தரம் மாற்றலாம் என்பதும் உண்மை. அந்த வேலையை விற்பவர் முடித்து, உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு வரட்டும். அதற்கு முன் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

மலையாளம் வராது என்று ஆபீஸ் பக்கம் போகத் தயங்க வேண்டாம். கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969) தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுத உரிமை தருகிறது. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகா அப்படிப்பட்ட பகுதி. ஆதாரம் மலையாளத்தில் இருக்கும். அதைப் புரோக்கர் படித்துச் சொல்வதைக் கேட்காமல், உங்களுக்கென்று ஒரு வக்கீலை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். வக்கீலைப் புரோக்கரே ஏற்பாடு செய்வதும் வேண்டாம்.

தண்ணீர். சித்தூர் வட்டாரத்தின் கிழக்கு ஊர்கள் கேரளத்தில் மழை குறைந்த பகுதிகளில் சேர்ந்தவை. பெருமாட்டிப் பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலை 2000-ல் தொடங்கி 2004-ல் நின்றுபோனதும் நிலத்தடி நீருக்காக மக்கள் போராடியதால்தான். "பரம்பிக்குளம் கால்வாய் பக்கத்துலயே போகுதுங்க" என்றால், அது வயலுக்குப் போகும் தண்ணீர், உங்கள் டேங்குக்கு வராது. போர்வெல் எத்தனை அடி, ஏப்ரல் மே மாதத்தில் எத்தனை நிமிடம் ஓடும் என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். அவர் உள்ளதைச் சொல்வார். அந்தப் பதிலை வைத்தே விலையைக் குறைத்துக் கேட்கலாம். மலம்புழை, வாளையாறு, கஞ்சிக்கோடு மலையடிவாரம் என்றால் யானை வருமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வரும் வழி பஞ்சாயத்து ரோடா, அடுத்தவர் பூமியா என்பதும் ஆதாரத்தில் இருக்க வேண்டும்.

இதெல்லாம் பார்த்த பிறகு விலை. பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"அண்ணா, ஓனர் 42-க்குக் கீழ வரமாட்டாருங்க. இன்னொரு பார்ட்டி இன்னிக்கி சாயங்காலம் டோக்கன் தர்றேன்னு சொல்லியிருக்காங்க."

"சரிங்க, அவங்களுக்கு அமைஞ்சா நல்லதுங்க. எங்க விலை 38. ஓனரைப் பார்த்து நாங்களே சொல்லிடறோம், கூட்டிட்டுப் போங்க."

அந்த இன்னொரு பார்ட்டி நிஜமாகவே இருக்கலாம். இருந்தாலும் அவசரப்பட்டு இன்றே பணம் கட்டாதீர்கள். உங்கள் உச்ச விலை என்ன, எவ்வளவு கடன் கிடைக்கும் என்பதைப் புரோக்கரிடம் சொல்லவே வேண்டாம். அவருடைய கமிஷன் விலையோடு சேர்ந்து ஏறுவது. 38 என்று நீங்கள் சொல்லும்போது உங்கள் மனக்கணக்கில் மேல்செலவும் இருக்க வேண்டும்: முத்திரைத்தாள் 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 38 லட்சத்துக்கு அது 3 லட்சத்து 80 ஆயிரம். ஆதாரம் எழுதுபவர் கூலி, வக்கீல், கமிஷன் எல்லாம் அதற்கு மேலே. "ஆதாரத்துல 25 காட்டிக்கலாங்க, மிச்சம் கேஷ்" என்ற பேச்சு கட்டாயம் வரும். முழு விலையையும் எழுதுங்கள். வங்கிக் கடன் ஆதாரத்தில் எழுதிய விலையைப் பார்த்துத்தான் வரும். நாளை நீங்கள் விற்கும்போது வரியும் அதை வைத்துத்தான். ஏதாவது தகராறு என்றால் ஆதாரத்தில் இல்லாத பணத்தைத் திரும்பக் கேட்பது பெரும்பாடு.

ஓனரோடு பேசி முடித்த அன்றே, அவருக்கும் புரோக்கருக்கும் சேர்த்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள். இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம் சார். இன்று நேரில் பேசியபடி உங்கள் வீட்டுக்கும் 0.0405 ஹெக்டேர் இடத்துக்கும் எங்கள் விலை 38 லட்சம். அளவு குறைந்தால் சென்ட் கணக்கில் விலை குறையும். இடம் புரையிடமாக இருக்க வேண்டும், டேட்டா பேங்கில் இருக்கக் கூடாது. எங்கள் வக்கீலும் வங்கியும் காகிதங்களைச் சரி என்று சொன்ன பிறகு அக்ரிமென்ட் போடுகிறோம். இவற்றில் ஏதாவது சரியில்லை என்றால் டோக்கன் முழுவதும் திரும்ப வேண்டும். சரி என்றால் பதில் போடுங்கள் சார்."

டோக்கன் சின்னத் தொகையாக இருக்கட்டும். அதை ஓனரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். வீட்டுக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். புரோக்கரின் ஜிபேவுக்கு ஒரு போதும் வேண்டாம், "ஓனர் பேங்க் பக்கம் போறதில்லீங்க" என்று சொன்னாலும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் நீங்கள் ஒரு சதவீதத்தைப் பிடித்து வரியாகக் கட்ட வேண்டும். இதையும் அக்ரிமென்ட்டுக்கு முன்பே ஓனரிடம் சொல்லிவிடுங்கள்.

அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போடுபவர் கரம் ரசீதில் பெயர் உள்ளவர்தானா என்று பாருங்கள். அப்பா இறந்து பிள்ளைகள் விற்கும் வீடு என்றால் வாரிசுகள் எல்லோரும் வேண்டும். "மூத்தவர் சம்மதிச்சுட்டாருங்க, தம்பி துபாய்ல இருக்காரு, அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்பது போதாது. தம்பி அங்கே இந்தியத் துணைத் தூதரகத்தில் பவர் எழுதி அனுப்ப வேண்டும். அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரை இட வேண்டும். மைனர் பங்கு இருந்தால் கோர்ட் அனுமதி கேட்க வேண்டிவரும், மாதக்கணக்கில் ஆகும். கெடுவை அதற்கேற்றபடி எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நிபந்தனைகள் அப்படியே அக்ரிமென்ட்டிலும் வரட்டும்.

பில்டரிடம் புது ஃபிளாட்டோ வில்லாவோ வாங்கினால் விதி வேறு. 500 சதுர மீட்டருக்கோ எட்டு வீட்டுக்கோ மேற்பட்ட திட்டங்கள் கேரள ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவாகியிருக்க வேண்டும். அதை விற்கும் ஏஜென்ட்டுக்கும் பதிவு எண் வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க அவர்களுக்கு உரிமை கிடையாது. பழைய வீடு விற்கும் டீக்கடை புரோக்கருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

ரிஜிஸ்டர் முடிந்த அன்று கமிஷனைக் கையில் கொடுத்து, ஒரு ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு வில்லேஜ் ஆபீசில் போக்குவரவு (பதிவேட்டில் பெயர் மாற்றம்) செய்து உங்கள் பெயரில் கரம் கட்டுங்கள். அந்த ரசீது வந்ததும் பஞ்சாயத்தில் வீட்டையும் கே.எஸ்.இ.பி.யில் மின் இணைப்பையும் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம்.