ஏறப் பழகிய கால்கள் இறங்கவும் பழக வேண்டும்: ஆட்டமில்லாத மாதங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பனிச்சறுக்குப் பந்தய வீரருக்கு ஆண்டில் பாதி நாள் மைதானமே கிடையாது, உருகி ஓடிவிடும். உலகக் கோப்பைப் பந்தயங்கள் அக்டோபர் கடைசியில் ஆஸ்திரியாவின் சோல்டன் பனியாற்றில் தொடங்கி, மார்ச் மாதம் முடிகின்றன. அதற்குப் பிறகு வரும் கோடையை அந்த வீரர்கள் எப்படிச் செலவிடுகிறார்கள் என்பதைக் குமரி மாவட்டத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். நமக்குப் பனி இல்லை. ஆனால் ஆட்டமில்லாத மாதங்கள் இருக்கின்றன. முழு ஆண்டுத் தேர்வு, கோடை விடுமுறை, அதன் பின்னால் வரும் தென்மேற்குப் பருவமழை என்று அவை நீள்கின்றன. அப்போது செய்யும் தவறுகள்தான் அடுத்த ஆண்டு மூட்டு வலியாக வந்து நிற்கின்றன.

முதல் தவறு, தேர்வு என்றதும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அணித் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது மைதானத்துக்கு ஓடி வருவது. அதன் மறுமுனையும் தவறுதான். ஒரு நாள்கூட ஓய்வில்லாமல் பன்னிரண்டு மாதமும் போட்டிக்கு அனுப்பும் பெற்றோர்களையும் பார்க்கிறேன். பனிச்சறுக்கு வீரர்கள் சீசன் முடிந்ததும் சில வாரம் உடலை ஆறவிடுகிறார்கள். மே மாதவாக்கில் தரைப் பயிற்சி தொடங்குகிறது. ஆகஸ்ட் வாக்கில் பலர் சிலி, அர்ஜென்டினா, நியூசிலாந்து என்று அப்போது குளிர்காலமாக இருக்கும் நாடுகளுக்குப் பனி தேடிப் போகிறார்கள். அவர்கள் பனியில் கால்வைக்கும்போது உடல் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. உடலைத் தயார் செய்வதற்காகப் பனிக்குப் போவதில்லை.

நான் அதிகம் சொல்ல விரும்புவது இரண்டாவது தவறைப் பற்றி. நம் பிள்ளைகளுக்கு ஏற மட்டும் கற்றுக்கொடுக்கிறோம். குதி, பாய், வேகமாக ஓடு, படியேறு என்கிறோம். குதித்தவன் எப்படித் தரையில் இறங்குகிறான் என்று பார்ப்பதில்லை. பாய்ந்து ஓடியவள் எப்படி நிற்கிறாள், எப்படித் திரும்புகிறாள் என்று கவனிப்பதில்லை. மூட்டு ஜவ்வு கிழிவது பெரும்பாலும் இறங்கும்போதும், சட்டென்று நிற்கும்போதும், திரும்பும்போதும்தான். நான் பயிற்சி கொடுத்த ஒரு கபடி மாணவிக்கு அப்படித்தான் ஆயிற்று. யாரும் மோதவில்லை, ஒற்றைக் காலில் இறங்கினாள், முட்டு உள்பக்கம் மடிந்தது, உட்கார்ந்துவிட்டாள். அந்த ஆண்டு முழுவதும் அவளுக்கு நான் இறங்கக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

பனிச்சறுக்கில் இது இன்னும் கடுமை. 2013இல் சுவிட்சர்லாந்தின் வெங்கன் சரிவில் பிரான்ஸ் வீரர் யோஹான் கிளாரே மணிக்கு 161.9 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். மலைச் சரிவே வேகத்தைக் கொடுத்துவிடுகிறது. வீரரின் தொடைக்கு வேலை அந்த வேகத்தைத் தாங்கிப் பிடிப்பது. வளைவில் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு சுமை காலில் வந்து அழுத்தும்போது, தசை நீண்டுகொண்டே அதை எதிர்த்து நிற்க வேண்டும். ஆகவே அவர்களுடைய கோடைப் பயிற்சியில் சுமையை மெதுவாக இறக்குவதற்குப் பெரிய இடம் உண்டு.

இதற்கு ஜிம் தேவையில்லை. மருந்துவாழ் மலைக்கோ சிதறால் மலைக்கோ போய்வந்தவர்களுக்குத் தெரியும்: ஏறும்போது மூச்சு வாங்குகிறது, மறுநாள் தொடை வலிப்பதோ இறங்கியதால்தான். அந்த வலிதான் தசை பழகாத வேலையைச் செய்திருக்கிறது என்பதற்கு அடையாளம். வீட்டு வாசற்படியிலிருந்தே தொடங்கலாம். ஒரு சாண் உயரப் படியிலிருந்து இரண்டு காலிலும் இறங்கி, சத்தம் கேட்காமல் நிற்க வேண்டும். முட்டு பாதத்துக்கு நேராக இருக்க வேண்டும், உள்ளே சாயக் கூடாது. ஐந்து முறை, சற்று ஓய்வு, மறுபடி ஐந்து. உட்கார்ந்து எழும்போது நான்கு எண்ணிக்கையில் இறங்கி, ஒரே மூச்சில் எழ வேண்டும். தொடையின் பின்பக்கத்துக்கு, முழங்காலிட்டு நிற்பவரின் கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, அவர் மெல்ல முன்னால் சாய வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள் போதும். இடையில் இரண்டு நாளாவது விட வேண்டும். வலி இரண்டாம் நாள்தான் உச்சத்துக்கு வரும் என்பதால் முதல் வாரத்தில் ஆசைப்பட்டு அதிகம் செய்துவிடக் கூடாது. ஒற்றைக் காலில் இறங்குவது சில வாரம் கழித்துத்தான்.

எல்லா ஆட்டத்துக்கும் நீண்ட ஓட்டமே மருந்து என்று நம்புவது இன்னொரு தவறு. கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து சறுக்கும் ஸ்லாலம் பந்தயத்தில் ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு நிமிடம். கபடியில் எதிரணிக்குள் ஒரு முறை பாடிப் போய்வர 30 விநாடி. இப்படிப்பட்ட ஆட்டங்களுக்குத் தினமும் ஐந்து கிலோமீட்டர் ஒரே வேகத்தில் ஓடிப் பயனில்லை. பனிச்சறுக்கு வீரர்கள் சைக்கிள் மிதித்து மூச்சைப் பெருக்கிக்கொள்கிறார்கள். அதன் மேல், குறுகிய நேரம் முழு வலிமையோடு உழைத்து ஓய்வெடுத்து மறுபடி உழைக்கும் பயிற்சியைச் சேர்க்கிறார்கள்.

அதே ஆட்டத்தையே ஆண்டு முழுவதும் ஆடுவதும் வேண்டாம். அவர்கள் கோடையில் கால்பந்து, டென்னிஸ் ஆடுகிறார்கள், இரு முனையிலும் இழுத்துக் கட்டிய பட்டையின் மேல் நடந்து சமநிலை பழகுகிறார்கள். மீனவ ஊர்களான தூத்தூர், வள்ளவிளை பக்கத்துக் கால்பந்துப் பையன்களில் வள்ளத்தில் நின்று பழகியவர்களுக்கு அந்தச் சமநிலை சிறுவயதிலேயே வந்துவிடுகிறது. அதைப் பயிற்சியாளர்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். கருவி வரட்டும் என்று காத்திருப்பவர்கள் சிவ கேசவனை நினைத்துப் பார்க்கட்டும். பனிச்சறுக்கு வண்டிப் பந்தயத்தில் 1998 முதல் 2018 வரை ஆறு ஒலிம்பிக்கில் இறங்கிய இந்தியர். பனித்தடம் இல்லாத நாட்டில், வண்டிக்குச் சக்கரம் பூட்டி இமயமலைச் சாலைகளில் பழகினார்.

நம் வெயிலும் கடலும் தனிக் கவனம் கேட்பவை. ஏப்ரல், மே மாதங்களில் காலை ஏழரைக்குள் பயிற்சியை முடித்துவிடுங்கள். காற்றில் ஈரம் மிகுந்த ஊர் இது. வியர்வை உலராது, உடல் சூடு இறங்காது. உப்பிட்ட கஞ்சித் தண்ணீர் நல்ல துணை. கடற்கரை மணலில் ஓடலாம், ஆனால் வெறுங்காலோடு முதல் நாளே அரை மணி நேரம் ஓடினால் குதிகால் நரம்பு பிடித்துக்கொள்ளும். ஓடி முடித்ததும் அலையில் இறங்க விடாதீர்கள். காற்றோ மழையோ இல்லாமலே திடீரென்று அலை பொங்கும் கள்ளக்கடல் எழும்பும் மாதம் அது. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களை அலை கொண்டுபோனதை இந்த மாவட்டம் மறக்கவில்லை.

கடைசியாக, பயிற்சியாளர்கள் கணக்கில் எடுக்காத ஒன்று: உழைப்பு. 1998 நாகானோ ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற ஆஸ்திரியாவின் ஹெர்மன் மையர், இளவயதில் கொத்தனார் வேலை பார்த்தவர். நம் பையன்களிலும் விடுமுறையில் கையாள் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. கரையில் நின்று இழுக்கும் கரமடி வலையை இழுக்கப் போகிறவர்களும் உண்டு. பகலெல்லாம் சிமென்ட் சட்டி சுமந்தவனை மாலையில் மற்றவர்களோடு சேர்த்து அதே பயிற்சியில் நிறுத்துவது பெரிய அநியாயம். அவன் சுணங்கினால் சோம்பேறி என்று திட்டுகிறோம், மூன்றாம் வாரம் முதுகைப் பிடித்துக்கொண்டு வருவதை நிறுத்திவிடுகிறான். அவன் சுமந்த சட்டியும் பயிற்சிதான். அன்று அவனுக்கு நீட்சிப் பயிற்சியும் பந்துப் பழக்கமும் போதும். விசில் ஊதுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: இன்று பகல் என்ன வேலை செய்தாய், மக்களே, காலையில் என்ன சாப்பிட்டாய், எங்கேயாவது வலிக்கிறதா?