சொதிப் பையிலிருந்து தொடங்குங்கள்

என் அப்பாவுக்கு மட்டக்களப்புக் கல்லடியில் சாப்பாட்டுக் கடை. காலையில் இடியப்பம், மதியம் சோறு, இரவில் கொத்துரொட்டி. பொலித்தீனைக் குறைக்கும்படி கேட்டு வரும் மாணவர்களைக் காசுமேசைக்கு உட்பக்கம் நின்று சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். உயர்தரம் படித்தபோது வெளிப்பக்கம் நின்று நானும் கேட்டேன். முதற்கடையிலேயே விரட்டிவிட்டார்கள். இரண்டு பக்கமும் நின்றவள் என்ற உரிமையில், இனி இப்படிக் கேட்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

விரட்டப்பட்டது எங்கள் பிழைதான். மதியம் பன்னிரண்டரைக்கு, ஏழு பேர், சீருடையோடு, அச்சடித்த கோரிக்கைத் தாளும் கையுமாகப் போனோம். சோற்றுக்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். எங்களில் ஒருவன் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று செத்த யானைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். பக்கத்து அம்பாறை மாவட்டத்தில் நடந்ததுதான். 2022 இல் வெளிநாட்டுப் பத்திரிகைகள்கூட எழுதின. முதலாளி அகப்பையைக் கீழே வைக்காமலே, "என் கடைக்கு யானை சாப்பிட வருவதில்லை தம்பி, வழியை விடுங்கள்" என்றார்.

ஆகவே முதலில் நேரம். பின்னேரம் மூன்றரைக்கும் நான்கரைக்கும் இடையில் போங்கள். மதியச் சட்டிகள் கழுவியாகியிருக்கும், கொத்துக்கல் இன்னும் சூடேறியிருக்காது. காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கம் என்றால் அசர் தொழுகை முடியும்வரை பொறுத்திருங்கள். மூன்று பேர் போதும். அந்தக் கடையில் வழக்கமாகச் சாப்பிடுகிற ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும், அவரே பேசட்டும். தேத்தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் பேச்சை எடுங்கள். முதலாளி இலவசமாகத் தந்தாலும் காசைக் கொடுத்துவிடுங்கள்.

போவதற்கு முன் அதே கடையில் ஒரு சோற்றுப் பார்சல் வாங்கி, வீட்டில் வைத்து மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். அப்பாவின் கடைப் பார்சலை நான் அப்படிப் பிரித்தேன். வெளியே ஷொப்பிங் பை. அதற்குள் பத்திரிகைத்தாள், அதற்குள் லஞ்ச் சீட் எனும் மெல்லிய பிளாஸ்டிக் தாள். பக்கத்தில் சொதிக்கு ஒரு சிறு பை, மீன் குழம்புக்கு ஒன்று, பப்படமும் மிளகாய்ப் பொரியலும் போட்டது ஒன்று. பத்திரிகைத்தாளை விட்டால், ஒரு வயிற்றின் ஒரு வேளைச் சோற்றுக்கு ஐந்து.

இதில் சொதிப் பையைத்தான் நன்றாகக் கவனிக்க வேண்டும். அப்பா பையை உதறி விரிப்பார், ஒன்றரை அகப்பை ஊற்றுவார், கொஞ்சம் காற்றை உள்ளே விட்டுக் கழுத்தை முறுக்கி, றப்பர் வளையத்தை மூன்று சுற்றுச் சுற்றுவார். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அது ஒழுகி, வாங்கியவரின் மோட்டார் சைக்கிளில் கொட்டினால், மறுநாள் ஏச்சு அப்பாவுக்குத்தான். அந்தப் பயம் தீராதவரை எந்தக் கடைக்காரரும் உங்கள் சொல்லைக் கேட்கமாட்டார். சொதிக்கு ஒரு வழி சொல்லுங்கள், மற்ற நான்கைப் பற்றிப் பேசுவது பிறகு சுலபம்.

எங்கள் கடையில் பலித்த வழி இது. காசுமேசைக்கு மேலே கையால் எழுதி ஓர் அட்டை தொங்கவிட்டோம்: "மூடியுள்ள பாத்திரம் கொண்டுவந்தால் சொதி ஒரு அகப்பை கூட." விலையில் பத்து ரூபாய் குறைக்கலாம் என்றுதான் முதலில் நான் சொன்னேன், அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஓர் அகப்பைச் சொதி அவருக்குப் பெரிய செலவில்லை, வாங்குபவருக்கோ அது பெரிய உபசாரம். அளவை அகப்பைக் கணக்கில் எழுதிவைப்பது முக்கியம். இல்லாவிட்டால் குண்டான் அளவு பாத்திரத்தைக் கொண்டுவந்து "நிரப்புங்கள் அண்ணன்" என்பவர்களும் வருவார்கள். ஒருவர் வந்தார், எங்கள் உறவினர்தான். அகப்பை வாங்குபவரின் பாத்திரத்தில் முட்டக்கூடாது, உயரத்தில் பிடித்தே ஊற்ற வேண்டும் என்பதையும் வேலை செய்பவர்களிடம் சொல்லிவையுங்கள். சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலாளிக்குச் சொல்ல ஒரு பதில் வேண்டும்.

சோற்றுக்கு வாழையிலை. பச்சையாக மடித்தால் கிழியும், கடையும் அன்றோடு அதைக் கைவிட்டுவிடும். நடு நரம்பின் தடிப்பைக் கத்தியால் சீவிவிட்டு, இலையை அடுப்பு நெருப்புக்கு மேலே மெதுவாக இழுங்கள். கரும்பச்சையாகி மினுங்கும்; பிறகு துணிபோல வளையும். கையால் செய்து காட்டுங்கள், வாயால் சொன்னால் ஏறாது. இலை உள்ளே, தாள் வெளியே. பத்திரிகை மை சோற்றில் படக்கூடாது. இலை எங்கே கிடைக்கும் என்பதற்கும் பதிலோடு போங்கள்: கிழமைக்கு இரண்டு தரம் இலை வெட்டித் தரக்கூடிய ஒரு தோட்டக்காரரை முன்கூட்டியே பேசிவைத்தோம்.

கட்டின்மேல் "உக்கும்" என்று அச்சிட்டிருக்கிறது என்று முதலாளி ஒரு லஞ்ச் சீட் கட்டைக் காட்டுவார். வாதாட வேண்டாம். ஒரு தாள் கேட்டு வாங்கி, கடை வாசல் பூந்தொட்டியிலேயே அவர் முன்னால் புதையுங்கள். அப்பா புதைத்த தாளை மூன்று மாதம் கழித்துத் தோண்டியபோது எழுத்துக்கூட அழிந்திருக்கவில்லை. கடுதாசிக் கோப்பையிலும் ஏமாறாதீர்கள். உட்புறம் பெரும்பாலும் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும்.

சட்டம் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அதைச் சொல்லித் தொடங்கினால் உங்களை உளவாளி என்று நினைப்பார்கள். இலங்கையில் பொலித்தீன் லஞ்ச் சீட்டும் ரெஜிபோம் எனும் நுரைப் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டியும் 2017 இலேயே தடை. 2023 ஒக்டோபரிலிருந்து பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல், கரண்டி, தட்டு, இடியப்பத் தட்டு முதலியவை தடை. 2025 நவம்பரிலிருந்து ஷொப்பிங் பையை இலவசமாகக் கொடுக்க முடியாது, விலையைப் பற்றுச்சீட்டில் காட்ட வேண்டும். இந்தக் கடைசி விதி உங்களுக்கு நல்ல துணை. "பை வேண்டுமா, விலை இவ்வளவு" என்று கேட்கப் பழகினாலே பாதிப் பேர் வேண்டாம் என்று கையில் கொண்டுபோவார்கள்.

யானைக்குப் பதிலாகக் கடை முன்னால் இருக்கும் வாய்க்காலைப் பற்றிப் பேசுங்கள். செப்டம்பரில் தொடங்கினால் மாரி இறங்குவதற்குள் ஒரு பழக்கம் வந்திருக்கும். கார்த்திகை மழையில் வாய்க்கால் அடைத்துக் கடைக்குள் தண்ணீர் ஏறும்போது, அடைத்திருப்பது என்ன என்று தடியால் குத்தி எடுக்கிறவர் முதலாளிதான். போன மாரியில் அப்பா எடுத்ததில் கட்டு அவிழாத ஒரு சொதிப் பையும் இருந்தது. கட்டிய விதத்தைப் பார்த்து, இது நம் கடையுடையது என்றார்.

பிறகு இரண்டு கிழமைக்கு ஒரு தரம், அதே நாளில், அதே கடையில் போய்ச் சாப்பிடுங்கள். அட்டை தொங்குகிறதா என்று பாருங்கள். எண்ணெய் பிடித்து மங்கியிருந்தால் புதிதாக எழுதிக் கொடுங்கள். இரவுக் கொத்துக்கு நாங்கள் இன்னும் வழி காணவில்லை. பத்து மணிக்கு மேல் பாத்திரத்தோடு வருபவர் எவரும் இல்லை, அப்பாவும் அந்த நேரத்தில் என்னோடு இதைப் பற்றிப் பேசுவதில்லை.