சின்னக் கைக்கு எட்டாத பிரேக்: ரோடு பைக் ஹேண்டில்பாரில் செய்யும் தவறுகள்

ரோடு பைக் என்ற பந்தய வகைச் சைக்கிளில், வளைந்த ஹேண்டில்பாரின் கீழ்ப்பிடியை, அதாவது டிராப்பை, ஓட்டும்போது பிடிப்பதுபோல் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலைத் தளர்த்தாமல், மணிக்கட்டைத் திருப்பாமல் ஆள்காட்டி விரலை பிரேக் லீவரை நோக்கி நீட்டுங்கள். விரலின் நுனிக் கணு லீவரைச் சுற்றி வளைந்து கொக்கிபோல மாட்ட வேண்டும். நுனி மட்டும் தொட்டால் அந்த லீவர் உங்களுக்கு எட்டவில்லை என்றே பொருள். சமதரையில் இது பெரிதாகத் தெரியாது. மலையிறக்கத்தில் பத்து நிமிடம் பிரேக்கைப் பிடித்து இறங்கும்போது முன்னங்கை மரத்துப்போகும். லீவரை எட்டப் பிடியைத் தளர்த்திய நேரம் பார்த்துப் பள்ளம் வந்தால் கை நழுவிவிடும்.

இதற்குப் பலரும் முதலில் ஸ்டெம்மைத்தான், அதாவது ஹேண்டில்பாரை சைக்கிளோடு இணைக்கும் குட்டைத் தண்டைத்தான், மாற்றுகிறார்கள். 100 மி.மீ. ஸ்டெம்மைக் கழற்றி 80 போட்டால் ஹேண்டில்பார் முழுவதும் 20 மி.மீ. உங்கள் பக்கம் வரும். முதுகுக்கும் தோளுக்கும் அது நல்லதாக இருக்கலாம். ஆனால் டிராப்புக்கும் லீவருக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையாது. உடம்பு எட்டவில்லை என்பதும் விரல் எட்டவில்லை என்பதும் வேறு வேறு பிரச்சினைகள். ஹேண்டில்பாரை மேல்நோக்கிச் சுற்றிவைப்பதிலும் இதே கதைதான்: லீவரும் டிராப்பும் சேர்ந்தே சுற்றுகின்றன, மணிக்கட்டுதான் கோணலாகும். லீவரை மட்டும் தளர்த்தி வளைவில் மேலே ஏற்றினால் இன்னும் மோசம். ஹூட்டில், அதாவது லீவரின் மேலே ரப்பர் உறை போர்த்திய பிடியில், கை வைக்கச் சுகமாக இருக்கும், ஆனால் லீவரின் நுனி டிராப்பிலிருந்து மேலும் விலகிப்போகும். அதை 5 மி.மீ. கீழே இறக்கிப் பார்ப்பதுதான் செலவில்லாத முதல் சோதனை.

அடுத்து லீவரிலேயே இருக்கும் ரீச் ஸ்குரு, அதாவது லீவரின் தூரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு. இன்றைய லீவர்கள் பலவற்றில் இது உண்டு. மாடலைப் பொறுத்து ரப்பர் உறையை மடித்தாலோ லீவரை அழுத்திப் பிடித்தாலோ தெரியும். சிறிய ஸ்குருடிரைவரோ 2 மி.மீ. அலன் கீயோ போதும். பழைய மாடல்கள் சிலவற்றில் ஸ்குருவுக்குப் பதில் லீவரின் மேற்புறம் செருகும் ரப்பர் துண்டு வரும்.

அதிகம் சொதப்புவது இந்த இடத்தில்தான். ஸ்குருவைத் திருகினால் லீவர் உள்ளே வருகிறது, எல்லோரும் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். கேபிள் பிரேக்கில் லீவர் உள்ளே வருவது என்றால், அது ஏற்கெனவே கொஞ்சம் அழுத்தப்பட்ட நிலையில் நிற்கிறது என்று பொருள். கேபிள் அந்த அளவு இழுபட்டு பிரேக் கட்டை ரிம்மில் உரசும். உரசுகிறதே என்று கேபிளைத் தாராளமாகத் தளர்த்தினால், அவசரத்தில் இறுக்கும்போது லீவர் ஹேண்டில்பாரில் போய் முட்டும், சக்கரம் நிற்காது. நடுவே மாட்டிய மற்ற விரல்களும் நசுங்கும்.

முறையாகச் செய்ய முதலில் சக்கரத்தின் கோட்டத்தை எடுத்துவிடுங்கள். கோணல் ரிம்மில் கட்டைகளை நெருக்கிவைக்கவே முடியாது. பிரேக் காலிப்பரில், அதாவது கட்டைகளைத் தாங்கி ரிம்மைக் கவ்வும் பகுதியில், இருக்கும் திறப்பு நெம்புகோல் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அது திறந்திருந்தால் நீங்கள் வைக்கும் இடைவெளி அத்தனையும் பொய். பிறகு ஸ்குருவைக் கால் சுற்று கால் சுற்றாக, இரண்டு பக்கமும் சமமாகத் திருகுங்கள். கட்டைக்கும் ரிம்முக்கும் பக்கத்துக்கு 1 முதல் 1.5 மி.மீ. இடைவெளி வரும்படி கேபிளைச் சரிசெய்யுங்கள். முழுக் கையால் பலமாக அழுத்தினாலும் லீவருக்கும் பாருக்கும் நடுவே ஒரு விரல் கனம் மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லை என்றால் ஸ்குருவைக் கொஞ்சம் பின்வாங்குங்கள். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கில் கேபிள் தொல்லை கிடையாது. ஆனால் லீவர் பஞ்சுபோல அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது, ரீச் ஸ்குருவால் அது சரியாகாது.

இத்தனைக்கும் பிறகும் எட்டவில்லை என்றால் ஹேண்டில்பாரையே மாற்றலாம். அங்கே அகலத்தை மட்டும் பார்த்து வாங்குவது அடுத்த தவறு. 42 செ.மீ.க்குப் பதில் 38 போடுவது ஒடுங்கிய தோளுக்குத்தான், விரலுக்கு அதனால் பலன் எதுவும் இல்லை. (அகலத்தைச் சில கம்பெனிகள் குழாயின் நடுவிலிருந்து நடுவுக்கும், சில வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கும் அளக்கின்றன. இரண்டுக்கும் 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வரும்.) விரலுக்கு உதவுவது வளைவின் வடிவம். ரீச் (பார் முன்னோக்கி நீளும் அளவு) 70 முதல் 80 மி.மீ., ஆழம் (டிராப் கீழே இறங்கும் அளவு) 125 மி.மீ. அளவில் இருக்கும் காம்பாக்ட் பார்களில் பெரும்பாலும் கை லீவருக்கு அருகிலேயே உட்காரும். ஸ்டெம்மின் வாய் 31.8 மி.மீ.யா, பழைய 26 மி.மீ.யா என்பதையும் அளந்துவிட்டு வாங்குங்கள்.

லீவரையே மாற்றுவதென்றால் சின்னக் கைக்கென்றே வந்தவை உண்டு. ஷிமானோ 105 வரிசையில் ஹைட்ராலிக்குக்கு எஸ்டி-ஆர்7025, கியர் இல்லாத கேபிள் லீவரில் டெக்ட்ரோ ஆர்எல்341. மலைச் சைக்கிள் லீவர் சிறியதாக இருக்கிறதே என்று அதை வாங்கிவிடாதீர்கள். அதன் வளையம் 22.2 மி.மீ. குழாய்க்கானது, ரோடு பாரின் குழாய் 23.8. மலைச் சைக்கிள்களில் வரும் வி-பிரேக்குக்கான லீவர் கேபிளை அதிகம் இழுக்கும். காலிப்பரோடு சேர்த்தால் பிடித்தவுடன் கல்லாக இறுகும், ஆனால் பிரேக் பலம் வராது. பழைய சைக்கிள்களில் லீவரோடு ஒட்டி பாரின் மேற்பக்கம் நீளும் கூடுதல் லீவரையும் நம்ப வேண்டாம். பாதி அழுத்தம் அது வளைவதிலேயே போய்விடும்.

முடுக்கும்போது லீவர் வளையத்துக்கு 5 மி.மீ. அலன் கீயில் 6 முதல் 8 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். ஸ்டெம்முக்கு அதன்மேலே அச்சிட்ட அளவு. கார்பன் பார் என்றால் கிரீஸ் தடவாமல், கார்பனுக்கென்று விற்கும் சொரசொரப்பான பசையைத் தடவுங்கள்.

ஹேண்டில்பார் டேப்பை அவசரப்பட்டுச் சுற்ற வேண்டாம். கேபிளை இன்சுலேஷன் டேப்பால் அங்கங்கே கட்டிவிட்டு இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்து, லீவர் இடம் உறுதியான பிறகு சுற்றுங்கள். அதுவும் 2 மி.மீ. கனத்தில் மெல்லியதாக இருக்கட்டும். மெத்தென்று இருக்கிறதென்று தடித்த டேப்பை இரண்டு அடுக்கு சுற்றினால், ஸ்குருவைத் திருகிச் சம்பாதித்த இடத்தில் பாதி டேப்புக்குள்ளேயே போய்விடும்.