ப்ரொப்பல்லர் சிவந்துபோனால்

போன குளிர்காலத்தில் டர்பன் துறைமுகத்தில் என் பாய்மரப் படகைக் கரையேற்றியபோது, ப்ரொப்பல்லரின் இறக்கை ஓரங்கள் இளஞ்சிவப்பாகத் தெரிந்தன. பாசியைச் சுரண்டிவிட்டுச் சுத்தியலால் லேசாகத் தட்டினேன். கணீரென்று கேட்க வேண்டியது, மொத்தென்று வந்தது. மாங்கனீஸ் வெண்கலம் என்று பெயர்தான். உள்ளே துத்தநாகம் நிறைய. அது கரைந்துபோய், செம்பு பஞ்சு மாதிரி மிஞ்சியிருந்தது.

ப்ரொப்பல்லர் தண்டில் மாட்டிய துத்தநாக ஆனோடுதான், அதாவது மற்ற உலோகத்துக்குப் பதிலாகக் கரையவென்றே வைக்கும் துண்டுதான், முதலில் அரிபட வேண்டும். அதில் திருகாணிகள் மட்டும் மிச்சம்! காரணம், துறைமுகத்திலிருந்து படகுக்கு எடுக்கும் கரை மின்சாரம். சார்ஜர் எந்நேரமும் செருகியே இருக்கும்; எர்த் கம்பி வழியாகப் பக்கத்துப் படகுகளோடு தொடர்பு ஏற்பட்டு, அவர்களுக்கும் சேர்த்து என் ஆனோடு கரைந்திருக்கிறது.

"எர்த்தைக் கழற்றிவிடு தம்பி" என்றார் ஒரு மாமா. தயவுசெய்து வேண்டாம், ஆளையே கொன்றுவிடும். அந்தக் கம்பியில் கால்வானிக் ஐசொலேட்டர் ஒன்றைப் போட்டேன். படகுகளுக்கு நடுவே ஓடி ஆனோடைக் கரைக்கும் டிசி கரண்டை, ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேல் வரை அது தடுக்கும். மின்கசிவு வந்தால் வழிவிடும்.

அப்புறம் தண்டை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, புது ப்ரொப்பல்லரை மாட்டி, புது ஆனோடை இறுக்கி, மல்டிமீட்டரில் பார்த்தேன்: ஆனோடுக்கும் ப்ரொப்பல்லருக்கும் நடுவே மின்தடை 1 ஓமுக்கும் கீழ். சரி. ஆனோடின் மேல் பெயிண்ட் படவே கூடாது. பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். பழைய ப்ரொப்பல்லரைப் பற்றவைத்து ஓட்டலாம் என்றார்கள். பஞ்சில் எதைப் பற்றவைப்பது?