கொம்பு இருந்தால் கொம்பன் ஆகிவிடாது

சிறுமுகைப் பக்கம் பவானிக் கரையில் எடுத்த ஆந்தைப் படம் எனக்கு வரும். கீழே ‘கொம்பன் ஆந்தை’ என்று எழுதியிருக்கும். தலையில் இரண்டு கொம்பு தெரிகிறதே, போதாதா? போதாது. மீன் பிடித்துத் தின்னும் பூமன் ஆந்தைக்கும் அதே இடத்தில் இறகுக் கொம்பு உண்டு. கொம்பனுக்கு அது விறைப்பாக நிற்கும், பூமனுக்குக் கலைந்து பக்கவாட்டில் சரிந்திருக்கும். ஆனால் கொம்பனும் நினைத்தால் படிய வைத்துக்கொள்ளும். உருவமும் கைகொடுக்காது, இரண்டுமே ஏறக்குறைய அரை மீட்டர். தொண்டை வெள்ளையும் இரண்டுக்கும் பொது.

பார்க்க வேண்டியது கால்களை. நம் ஆட்களோ முகத்தை மட்டும் பெரிதாக வெட்டியெடுத்து அனுப்பிவிட்டு, ‘இது என்ன ஆந்தைங்க?’ என்று கேட்பார்கள்! கொம்பனின் கால் முழுக்க இறகு மூடியிருக்கும். பூமனுக்குக் காலின் கீழ்ப்பகுதி மொட்டை. தண்ணீரில் விட்டு மீன் அள்ளுகிற கால் அது. உள்ளங்காலில் சின்னச் சின்ன முள்ளாகச் செதில்கள் இருக்கும்; வழுக்குகிற மீனும் அந்தப் பிடியில் நழுவாது.

கால் கிளைக்குப் பின்னால் மறைந்திருந்தால் முகத்துக்கு வரலாம். கொம்பனின் முகவட்டத்துக்குக் கறுப்புக் கரை கட்டியிருக்கும். பூமனுக்கு அந்த வரம்பு மங்கல். கண் கொம்பனுக்கு ஆரஞ்சு, பூமனுக்கு மஞ்சள். ஆனால் டார்ச் அடித்து எடுத்த படத்தில் கண் நிறத்தை நம்பாதீர்கள். அப்படி முகத்தில் வெளிச்சம் அடிப்பதே தப்பு, அது வேறு கதை.

அடுத்தது, தண்ணீரைக் கண்டதும் பூமன் என்று முடிவுகட்டுவது. திருப்பூர், காங்கேயம் பக்கத்தில் கல் வெட்டியெடுத்த பாறைக்குழிகளில் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். அங்கே கல் விளிம்பில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் கொம்பன்தான். சுற்றியுள்ள காடு தோட்டத்து எலிகள்தான் அதற்குத் தீனி. பூமனுக்குத் தண்ணீரோடு பெரிய மரமும் வேண்டும். ஆற்றோரத்து நீர்மருது மாதிரி. சந்தேகம் தீரவில்லையா, உட்காரும் இடத்துக்குக் கீழே தேடுங்கள். செரிக்காததைக் கக்கிப்போட்ட உருண்டையில் எலி மயிரும் எலும்பும் இருந்தால் கொம்பன். நண்டு ஓடும் மீன் முள்ளும் இருந்தால் பூமன்.

ஆந்தை என்றாலே சத்தமில்லாமல் பறக்கும் என்பதும் பாதிதான் சரி. பூமனின் இறகு விளிம்பில் ஓசையை அடக்கும் சீப்பு அமைப்பு இல்லை. தலைக்கு மேலே போனால் காதில் விழும். மீன் தண்ணீருக்குள் இருக்கிறது, அதற்கு ஒளிந்து பறந்து என்ன ஆகப்போகிறது?

அப்புறம், கொம்பன் கூடு கட்டாது. பாறைத் திட்டில், வெறுந்தரையிலேயே முட்டையிடும். முட்டையும் குஞ்சும் இருக்கும் காலமான குளிர்காலம் தொடங்கிக் கோடை வரைக்கும் கால்களைப் பார்க்கிறேன் பேர்வழி என்று பாறைக்குழிக்குள் இறங்காதீர்கள். எதிர்க்கரையில் நின்று பைனாகுலரில் பார்த்தாலே இறகு தெரியும்.